சேற்றுக்கு ஒதுங்காதவர்

அந்த அம்மாவோடு நடக்கப் போனால் ஷூ உருப்படாது. வழியில் சேறும் தண்ணீருமாகக் கிடந்தால் மற்றவர்கள் என்ன செய்வோம்? பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்துப் புல்லில் கால் வைத்து ஒதுங்கிப் போவோம். அவர் ஒதுங்கி நான் பார்த்ததே இல்லை. கணுக்கால் அளவோ முழங்கால் அளவோ, பாதையின் நடுவிலேயே இறங்கி, சளக் சளக்கென்று நடந்து அந்தப் பக்கம் ஏறுவார். ஏறி நின்று, திரும்பிப் பார்த்து, "நேரா வாங்க" என்பார். அதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் நாமாகத்தான் கேட்க வேண்டும். கேட்டால் அவர் முகத்தில் ஒரு சலிப்பு வரும்.

நான் விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆசை வந்து, மண் பாதையில் ஓட்டுகிற உயரமான பைக் ஒன்றை வாங்கினேன். "தார் ரோட்டுலயே ஒழுங்கா ஓட்டத் தெரியல, இதுல காட்டுல வேறயா" என்று வீட்டில் சொன்னார்கள். சொன்னதில் தவறில்லை. விழுப்புரம், திண்டிவனம் ஆட்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்று வைத்திருந்தோம். பாதிப் பேர் நடப்பார்கள், பாதிப் பேர் வண்டி ஓட்டுவார்கள். மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர்கள், தாலுக்கா அலுவலகத்து ஆள் என்று எல்லோருமே வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்.

அந்த அம்மா மட்டும்தான் வாரம் முழுக்க நடக்கிறவர். ரயில்வேயில் கேங் வேலை. தண்டவாளத்தோரம் மைல் கணக்கில் நடந்து, கழன்றதை முடுக்கி, சரிந்த ஜல்லியை ஏற்றிக் கெட்டிக்கிற வேலை. கணவர் அந்த வேலையில் இருந்து இறந்தவர். வாரிசாக இவருக்கு வந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவர். சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

"ஆறு நாள் நடக்கறது பத்தாதா, ஏழாவது நாளும் எதுக்கு மேடம் வர்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க நடக்கறது சூப்பர்வைசருக்கு சார். இங்க எனக்கு."

நாங்கள் அடிக்கடி போனது, திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் பாதியில் பிரிந்து மண் பாதையில் உள்ளே போனால் வருகிற ஒரு குன்று. அடியில் ஒரு ஏரி. ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

அவரோடு முதல் தடவை அங்கே போனது ஓர் ஆவணி மாதம். முந்தின நாள் மழை. பாதையில் பெரிய குட்டை. நாங்கள் எல்லோரும் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையின் ஓரமாகப் போனோம். அவர் குட்டைக்குள் இறங்கினார். மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா மேடம், வேண்டுதலா?"

அவர் அந்தப் பக்கம் போய் நின்று பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு நீங்க ஒரு அடி ஒதுங்கினீங்க. அங்க செடி செத்துட்டா அதுவும் வழியாயிடும். அதுல தண்ணி நிக்கும். அடுத்த வாரம் வர்றவன் இன்னும் ஒரு அடி ஒதுங்குவான். இப்பிடியே ஒதுங்கிக்கினு போனா கொல்லைக்காரன் எங்க போவான்? ஷூவைக் கழுவிக்கலாம் சார். கொல்லையக் கழுவ முடியாது."

அன்று யாரும் திரும்பி வந்து குட்டையில் இறங்கிவிடவில்லை. ஆனால் வரும்போது நாலு பேர் இறங்கினோம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அவரோடு பழகிய காலம் முழுக்க எனக்கு அந்த இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

குன்றின் மேல் ஏறினால் தூரத்தில் செஞ்சி மலைகள் தெரியும். எல்லோரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்போம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இங்க விழற தண்ணி எந்தப் பக்கமா போவும்?" என்று கேட்பார். யாரையும் பார்த்துக் கேட்பதில்லை. மண்ணைப் பார்த்துத்தான் கேட்பார். தண்டவாளத்தின் அடியில் மண் கரைவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். ஒரு விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தாலும் நாலு கல்லைப் பொறுக்கிக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நல்லவர்தான், ஆனால் இனிமையானவர் இல்லை. கொண்டுவந்த சோற்றை யாருக்கும் ஒரு வாய் கொடுத்ததில்லை. பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுவார். பேச்சில் தேன் தடவத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் ஆரஞ்சுத் தோலைப் புதரில் எறிந்துவிட்டு, "மக்கிடும் மேடம்" என்றார்.

"மக்கும். அதுக்குள்ள கொரங்கு தின்னும். தின்னு பழகிட்டு அடுத்த வாரம் உங்க பையப் புடுங்கும். அப்புறம் கொரங்குத் தொல்லைன்னு நீங்களே மனு எழுதுவீங்க. எடுங்க."

ஐம்பது வயது மனிதர், புதருக்குள் கைவிட்டுத் தோலைத் தேடி எடுத்தார்.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பாறைக்குப் போனபோது, வழி தவறாமலிருக்க எங்கள் ஆசிரியர் ஒருவர் வெள்ளை பெயிண்ட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார். கடைசி ஆளாக வந்த அந்த அம்மா, ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது வழி தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினோம். ஆசிரியர் கத்தினார். "வழி தெரியலன்னா ஊர்ல கேளுங்க. பாறை மேல எதுக்கு எழுதறீங்க? ஒங்க பள்ளிக்கூடத்து போர்டா இது?" என்றார் அந்த அம்மா. அவர் துப்பட்டா முழுக்க வெள்ளை. அது பிறகு போகவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. குப்பை பொறுக்கும் முகாம் என்று ஒரு ஞாயிறு ஏற்பாடு செய்தோம். ஒரே மாதிரி டி-ஷர்ட், இரண்டு மரங்களுக்கு இடையே பெரிய பிளாஸ்டிக் பேனர். வந்து இறங்கியவர் அதை அண்ணாந்து பார்த்தார். நேராகப் போய்க் கட்டை அவிழ்த்து, சுருட்டி, தன் சாக்கில் முதலாவதாகப் போட்டார். "ஆரம்பிக்கலாம்" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது போதும்.

ஒரு வைகாசி ஞாயிறு அவருக்கு டூட்டி. வரவில்லை. வண்டி வைத்திருக்கிற ஐந்து பேர் மட்டும் அந்த ஏரிக்குப் போனோம். கோடை என்பதால் ஏரி காய்ந்து கிடந்தது. கரையின் வெளிப்புறச் சரிவு நல்ல செங்குத்து. அவர் இருந்தால் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டோம். அன்றைக்கு யாரோ வண்டியை அதில் ஏற்ற ஆரம்பித்தார்கள், நானும் ஏற்றினேன். இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை கரை உச்சியில் போய் நின்றபோது எனக்கு இருபது வயதுபோல இருந்தது. கைப்பேசியில் வழியைப் பதிவு செய்கிற செயலி ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அந்தத் தடத்தை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினேன். ஊர்ப் பெயர், திரும்ப வேண்டிய இடம், வண்டி நிறுத்துகிற இடம் எல்லாம் போட்டேன். "ஏரிக்கரை ஏற்றம்தான் இதில் உச்சம், விட்டுவிடாதீர்கள்" என்று எழுதினேன். முகம் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே வர ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, சில வாரம் பத்து வண்டி, சில வாரம் முப்பது. எல்லோரும் நான் ஏறிய இடத்திலேயே ஏறினார்கள். செயலி அப்படி அழைத்து வருகிறது. ஆடி பிறப்பதற்குள் அந்த இடத்தில் கரையில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. உச்சியில் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு மண் போய், கரை அங்கே தாழ்ந்திருந்தது.

அதை அவர் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரைமேல் உட்கார்ந்தார். உள்ளே காய்ந்த ஏரியைப் பார்த்தார், வெளியே கரைக்குக் கீழே இருந்த நிலத்தைப் பார்த்தார். அந்த நிலத்துக்காரரை எங்களுக்குத் தெரியும். அறுபது வயது இருக்கும். அவருடைய மோட்டார் கொட்டகை நிழலில்தான் நாங்கள் வண்டிகளை நிறுத்துவோம். நெல்லுக்கு ஏரித் தண்ணீரை நம்பியிருப்பவர்.

"ஏரி ரொம்பினா தண்ணி இங்கதான் தாண்டும்" என்றார் அந்த அம்மா. "தாண்டிச்சுன்னா நிக்காது. அறுத்துக்கினு போயிடும்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பதிவை அழித்தேன். ஆனால் அதற்குள் யார் யாரோ அதைப் பிரதி எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள், வீடியோவும் வந்துவிட்டது. என்னால் அவிழ்த்துவிட முடிந்தது, திரும்பப் பிடித்துக் கட்ட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு மண்வெட்டியும் இரும்புச் சட்டியும் கொண்டுவந்தார். குழுவில் இரண்டு வாரம் எல்லோரும் மண் அள்ளினார்கள். மூன்றாவது வாரம் ஐந்து பேர். பிறகு அவரும் நானும்தான். அவர் கடமை என்று வந்தார் என நினைத்தேன். நான் எதற்கு வந்தேன் என்று எனக்குத் தெரியும். ஏரிக்குள்ளிருந்து களிமண் வெட்டி, சுமந்து ஏறி, கொட்டி, காலால் மிதித்து, கட்டையால் தட்டிக் கெட்டித்தோம். அவர் கேங்கில் தட்டுகிற மாதிரியே ஒரே தாளத்தில் தட்டுவார். நான் நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன்.

"புது மண்ணு சார் இது. ரெண்டு மழை மெதுவா பேஞ்சு, புல்லு புடிச்சாதான் நிக்கும். ஒரேயடியா பேஞ்சா பேஜாருதான்" என்பார்.

ஞாயிறு சாயங்காலம் கெட்டித்துவிட்டுப் போவோம். அடுத்த ஞாயிறு வந்தால் மறுபடி தடம். முள் வெட்டிப் போட்டார். இழுத்து எறிந்துவிட்டு ஏறினார்கள். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தார். வந்து பார்ப்பதாகச் சொன்னார்களாம். வண்டிக்காரர்களிடம் நேராகப் போய்ப் பேசினார். "நாங்க இயற்கையை ரசிக்கத்தான் வந்தோம் ஆண்ட்டி" என்றான் ஒருவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

புரட்டாசியில் ஒரு நாள் அவர் பொறுமை போய்விட்டது. எட்டு வண்டிகளைக் கொட்டகையோரம் நிறுத்திவிட்டு அவர்கள் குன்று ஏறப் போயிருந்தார்கள். அவர் வரிசையாக உட்கார்ந்து பதினாறு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். "தள்ளிக்கினு போவட்டும். மண்ணு எவ்ளோ கனம்னு கால்ல தெரியட்டும்" என்றார். இறங்கி வந்தவர்கள் நிலத்துக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டையைப் பிடிக்காத குறை. நான் நடுவில் போய்ச் சமாதானம் செய்து, என் கைப் பம்ப்பைக் கொடுத்தேன். அந்த அம்மா நேராக வந்து, "நான்தான் புடுங்கினேன். அவருகிட்ட எதுக்கு கத்தறீங்க?" என்றார். அவர்கள் ஒரு பெண்ணிடம் என்ன செய்வதென்று தெரியாமல் முனகிக்கொண்டே காற்றடித்தார்கள். அவர்கள் போன பிறகு அவர் நிலத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் செஞ்சதுக்குப் பழி ஒங்க மேல விழுந்துடுச்சு, நான் யோசிக்கல" என்றார். அப்போது நான் பம்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மழை ஒரேயடியாகப் பெய்தது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை அவரிடமிருந்து போன். "சார், ஏரிக்குப் போறேன். வர்றீங்களா? ஜல்தி வாங்க."

நாங்கள் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டிருந்தது. ஊர்க்காரர்கள் மணல் மூட்டைகளைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு மாதம் கெட்டித்த இடம் இல்லை. அதன் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பேருந்து நீளத்துக்குக் கரையே இல்லை. சிவப்புத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி நிலத்தில் பரவிக்கொண்டிருந்தது. கொட்டகைச் சுவர் விழுந்து கிடந்தது. கதிர் வெளியே வர இருந்த பயிர், நுனிகூடத் தெரியவில்லை.

நிலத்துக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "பாவம், நீங்க ரெண்டு பேரும் எவ்ளோ பாடுபட்டீங்க" என்றார் எங்களிடம். "மழை மேல இன்னான்னு கோவப்படறது, சொல்லுங்க."

நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பாதை முழுக்கச் சேறு. அந்த அம்மா நடுவில் நடந்தார், நான் பின்னால்.

"அந்த வழிய நீங்கதானே சார் போட்டீங்க?" என்றார், திரும்பாமல்.

நான் நின்றுவிட்டேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆடியிலயே தெரியும். எங்க கேங்ல ஒருத்தரு நீங்க போட்டத அப்பவே போன்ல எடுத்து வச்சிருந்து காட்டினாரு. ஒங்க பேரு, ஒங்க வண்டி எல்லாம் இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா அடுத்த வாரம் நீங்க வந்திருக்க மாட்டீங்க. எனக்கு மண்ணு அள்ள ஆளு வேணும் சார்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. நாலு மாதமாக என்னை ஒரு சட்டிபோல, ஒரு மண்வெட்டிபோலப் பயன்படுத்தியிருக்கிறார். அது நியாயமாகவும் இருந்தது. சாலைக்கு வந்த பிறகு, "நெலத்துக்காரருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. மார்கழி, தை முழுக்க ஞாயிறுதோறும் போய், வெள்ளம் அந்த நிலத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்த மணலை அள்ளினேன். அந்த அம்மாவும் வந்து அள்ளினார். சொல்லிவிட்டீர்களா என்று ஒரு வாரம்கூடக் கேட்கவில்லை. நிலத்துக்காரர் ஊரில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுசன்" என்பார். அந்த அம்மா குனிந்து அள்ளிக்கொண்டே இருப்பார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் அவருக்கு விருத்தாசலம் பக்கம் மாற்றல் வந்தது. வழியனுப்பு விழா எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி ஞாயிறு அள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "நான் வர்றேன் சார்" என்று போய்விட்டார். அடுத்த வாரம் அந்த நிலத்தில் நான் தனியாக நின்றபோதுதான் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. நிலத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் வண்டி ஏற்றியது, வழியைப் பதிந்து போட்டது, அழித்தது, அழித்தும் பயனில்லாமல் போனது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுவிட்டு மணலைப் பார்த்தார். பிறகு, "டீ போடச் சொல்லட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியிலேயே நிறுத்தி அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்கு மனசு லேசாகிவிட்டிருந்தது, அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல மேடம். டீ குடிக்கறீங்களான்னு கேட்டாரு."

"குடிச்சீங்களா?"

"இல்ல. எப்பிடிங்க குடிக்கறது? கெளம்பி வந்துட்டேன்."

அந்தப் பக்கம் ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"குடிச்சிட்டு ஒக்காந்திருக்கணும் சார். ஒங்க பாரத்த அங்க கொட்டிட்டு வந்துட்டீங்க. அந்த மனுசன் இப்ப யாரத் திட்டுவாரு?"

சரி, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. பிறகு நானும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே போனேன். நிலத்துக்காரர் விழுந்த சுவரின்மேல் உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தாய் என்று ஆரம்பித்தார். என் வண்டியை, என் போனை, என் கடையை, என் வயதை, ஒன்றையும் விடாமல் அவசரமே இல்லாமல் திட்டினார். இத்தனை நாள் தன்னை ஊர் முன்னால் என்னைப் புகழ விட்டதற்குத்தான் அதிகம் திட்டினார். வெயில் ஏறுகிறவரை நின்று கேட்டேன். அவர் ஓய்ந்தபோது டீ வந்தது, ஆறியிருந்தது. குடித்துவிட்டு மீதி மணலை அள்ளத் தொடங்கினேன்.